எங்கள் அடுக்களை நாற்றம்

ஜனவரி 27, திங்கள்

பொங்கலுக்கு வெள்ளையடித்ததில் தொடங்கிய வேலை இன்னும் முடிந்தபாடில்லை. பின்சுவரில் அடுக்களைச் சிம்னியின் குழாய் வெளியே வருகிற இடத்தில் பிளாஸ்டிக் வலைமூடி ஒன்று இருந்தது. வெயிலில் காய்ந்து காய்ந்து, பெயின்டர் கை பட்டதும் அப்பளமாக நொறுங்கிவிட்டது. "புதுசா ஒண்ணு வாங்கி மாட்டிருங்கம்மா" என்று அன்றைக்கே சொல்லிவிட்டுப் போனார். பார்ப்போம் என்றேன். இரண்டு வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சிம்னிக்கும் வயசாகிவிட்டது. பெங்களூரில் இருக்கிற மகன் வாங்கி மாட்டி ஒன்பது வருஷம். ஃபில்டரில் பிசுக்கு, எண்ணெய்க் கிண்ணத்தில் விரிசல், போட்டால் லாரி ஏறுகிற மாதிரி சத்தம். அதனால் எண்ணெய்ச் சட்டி வைக்கிற நாளில் மட்டும்தான் போடுவது. சிம்னி ரிப்பேர் பார்க்கிற மேலப்பாளையம் மசூதுவைக் கூப்பிடலாமா என்று இவர் தினமும் கேட்கிறார். இவருக்கென்ன, ரிட்டையர் ஆன கூட்டுறவு வங்கிக்காரர், கேட்பதோடு வேலை முடிந்தது.

விளக்குத் திரிக்காக மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் காயவைத்த பஞ்சில் பாதியைக் காணோம். முருங்கைமரத்து அணில்தான். வாய் நிறையப் பஞ்சோடு ஓடுவதை நானே பார்த்தேன். நாசமாய்ப் போக என்று திட்டினேன்.

மேல்வீட்டு ஜெசிந்தா தண்ணீர் மோட்டார் போடச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். கணக்கு டீச்சர். மணப்பாட்டுக் கடற்கரைக்காரி, புருஷன் கப்பலில். ஒரே மகள் டெல்பின், பன்னிரண்டாம் வகுப்பு. "சைவம் மட்டும்" என்று போர்டு மாட்டி ஏழு மாதம் வீடு பூட்டியே கிடந்ததால்தான் இவர்களுக்கு விட்டோம். மீன், கறி, முட்டை சமைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் என் கையாலேயே எழுதிச் சேர்த்தேன். ஜெசிந்தா வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். "சரிம்மா, வேணும்னா எங்க அக்கா வீட்டுல போய்ச் சாப்பிட்டுக்கிடுவோம்" என்றாள். பார்ப்போம்.

ஜனவரி 29, புதன். தை அமாவாசை

குளித்து, ஈரத் துணியோடு படையல் சமையலுக்கு நின்றேன். வடைக்கு எண்ணெய் காய்ந்ததும் சிம்னியைப் போட்டேன். உள்ளே டக்கென்று ஓர் அடி, அப்புறம் கட கட கட. பிறகு சுற்றாமல் உறுமல் மட்டும். நல்ல நாளும் அதுவுமாக உயிரை வாங்குகிறதே என்று அணைத்துவிட்டு, மறுபடி போட்டேன். மறுபடியும் உறுமல். மூன்றாம் தடவை போட்டபோது லேசாகக் கருகிய வாசம் வந்தது. விட்டுவிட்டு ஜன்னலைத் திறந்தேன்.

இருபத்தோரு வடை, அவியல், பருப்பு, பாயசம். முன்னோர்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

இவர் மசூதுவுக்குப் போன் போட்டார். அவர் வீட்டில் கல்யாணமாம், பிப்ரவரி பதினைந்துக்கு அப்புறம்தான் வருவாராம்.

பிப்ரவரி 1, சனி

அடுக்களையில் ஏதோ வாசம். ஜன்னல் வழியாக வருகிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

சந்தேகமே இல்லை. கருவாடு!

காலையில் தாயும் மகளும் மாதா கோயிலுக்குப் போய் வந்தார்கள். பத்தரைக்கு மேலே குக்கர் விசில். அடுத்த நிமிஷம் என் அடுக்களையில் நிற்க முடியவில்லை. இவரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன். "ஏளா வடிவு, எனக்குக் கொரோனாவோட மூக்குப் போச்சு. மல்லிப்பூவே தெரிய மாட்டேங்கு, கருவாடா தெரியும்?" என்கிறார். இந்த வீட்டில் ஒரே மூக்கு என் மூக்குதான்.

கருவாட்டு வாசனை உனக்கு எப்படித் தெரியும் என்று வேறு கேட்கிறார். ஏன் தெரியாது? சின்ன வயசில் மார்க்கெட்டில் அந்தக் கடைகளைத் தாண்டும்போதெல்லாம் அம்மா என் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். அவ்வளவு போதாதா?

பிப்ரவரி 3, திங்கள்

காலை எட்டு மணிக்கு மாடிப்படியில் வைத்தே கேட்டுவிட்டேன். ஒளித்துப் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

"ஜெசிந்தா, எழுதிக் கொடுத்தது மறந்துபோச்சா? ஒரு உசுரைக் கொல்லாத வீடு இது."

அவள் முகம் கறுத்துவிட்டது. "நாங்க ஒண்ணும் ஆக்கலம்மா. எனக்கும் அடிக்கத்தான் செய்யுது. அது கருவாடு இல்ல. என்னமோ செத்துக் கெடக்கு. ஒங்க அடுக்களைப் பக்கமிருந்துதான் வருது, கொஞ்சம் பாருங்க."

என்ன திமிர்! என் அடுக்களையில் செத்துக் கிடக்கிறதாம்! தினமும் இரண்டு வேளை துடைக்கிற அடுக்களை. எனக்கு வந்ததே கோபம். நாலு வார்த்தை சொன்னேன். மகளும் பையை மாட்டிக்கொண்டு பின்னால் நின்றாள். எட்டரைக்கு இருவரும் போய்விட்டார்கள்.

சாயங்காலம் தேங்காய்த் துவையல். ஜன்னலை மூடிவிட்டுச் சமைத்தேன். மூடினாலும் வருகிறது. எப்படித்தான் வருகிறதோ.

பிப்ரவரி 5, புதன்

மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டேன். "பிள்ளைக்கு மார்ச் மூணாம் தேதி பரிட்சை ஆரம்பிக்குல்லா" என்று இவர் முனகினார். பரிட்சை இருக்கிறவர்கள் ஒழுங்காக இருந்திருக்க வேண்டும்.

ஜெசிந்தா மறுத்து ஒன்றும் பேசவில்லை. தப்புச் செய்யாதவள் பேசாமல் போவாளா?

பிப்ரவரி 8, சனி

பதினோரு மணிக்கே தொட்டி காலி! மேலே அந்தப் பெண் ஒரு நாளைக்கு மூன்று தடவை குளிக்கிறாள். காலையில் ஒன்று, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒன்று, ஏழு மணிக்கு ஒன்று. என்ன ராஜகுமாரியா? மாடிப்படி முழுக்கப் பவுடர் வாசம்.

நேற்று படியில் எதிரே வந்தவள் என்னைப் பார்த்ததும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் தாண்டிப் போகிற வரை அசையவில்லை. முன்பெல்லாம் "ஆச்சி, சாப்டாச்சா?" என்று கேட்பாள். அம்மாக்காரி சொல்லிக் கொடுத்திருப்பாள்.

பிப்ரவரி 11, செவ்வாய். தைப்பூசம்

நாற்றம் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது. பார்த்தீர்களா என்று இவரிடம் சொன்னேன். கண்டித்ததும் நின்றுவிட்டதா இல்லையா? இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? இவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 13, வியாழன்

வீட்டுத் தரகர் வந்தார். சமாதானபுரத்தில் ஜெசிந்தாவுக்கு ஒரு வீடு படிந்துவந்ததாம். ஏன் காலி செய்கிறார்கள் என்று அந்த வீட்டுக்காரர் கேட்டாராம். உள்ளதைச் சொன்னேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

சமாதானபுரம் வீடு இல்லையென்று ஆகிவிட்டது.

பிப்ரவரி 16, ஞாயிறு

எழுதத்தான் வேண்டும். முப்பத்தோரு வருஷம் தபால் ஆபீசில் குப்பை கொட்டியவள். அன்றன்றைக்கு நடந்ததை அன்றன்றைக்கு எழுதிப் பழகிய கை.

மசூது பத்து மணிக்கு வந்தார். இவர் காய் வாங்கப் போயிருந்தார். அடுப்பு மேல் துணி விரித்து, ஃபில்டரைக் கழற்றி, பின்னாலிருந்த காற்றாடிக் கூட்டின் திருகுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். கூட்டைத் திறந்ததும் இரண்டடி பின்னால் வந்தார்.

"அம்மா, நீங்க கொஞ்சம் அங்கிட்டு நில்லுங்க."

நான் நகரவில்லை. முதலில் பஞ்சு வந்தது. கை கையாக, எண்ணெய் குடித்த பஞ்சு. நடுவில் நான் திரித்து வைத்த திரிகள் இரண்டு அப்படியே கிடந்தன. பிறகு தேங்காய் நார். பிறகு வால். அணில் காற்றாடியின் இதழ்களுக்கு நடுவே சிக்கிக் காய்ந்துபோயிருந்தது. அதன் கீழே, பஞ்சுக்குள், கட்டைவிரல் அளவுக்கு இரண்டு குட்டிகள். மயிர்கூட முளைக்கவில்லை.

"குட்டி போட்டிருக்கும்மா" என்றார் மசூது. "மோட்டார் என்னைக்கு நின்னுச்சு?"

"அமாவாசையன்னைக்கு."

"அப்ப அன்னைக்குத்தான்."

குழாய் தொடங்குகிற இடத்தில் ஒரு சின்னத் தகடு இருக்குமாம். காற்று போகும்போது திறந்து, நின்றதும் விழுந்து மூடிக்கொள்ளுமாம். அதன் கீல் தேய்ந்து அறுந்து தகடு கீழே கிடந்தது. எடுத்துக் காட்டினார். "வெளியில வலைமூடி இல்ல, உள்ள இதுவும் போச்சு. அணிலுக்கு வாசல் தொறந்து விட்ட மாதிரி. பதினெட்டு நாளா இந்த நாத்தத்துல எப்படிம்மா சமைச்சீங்க?"

"கருவாடுன்னு நெனச்சேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கருவாட்டுக்கும் செத்ததுக்கும் வித்தியாசம் தெரியாதாம்மா?" என்றவர் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "ஆமா, ஒங்களுக்கு எப்படித் தெரியும்."

மோட்டார் கருகியிருந்தது. மூன்று தடவை போட்டேன் அல்லவா? மோட்டார், தகடு, குழாய், ஃபில்டர், கிண்ணம், வலைமூடி, எல்லாம் புதிதாகத்தான் போட வேண்டுமாம். சனிக்கிழமை கொண்டுவருகிறேன் என்றார்.

"மசூது, மேல் வீட்டுல இதைச் சொல்லிராதீங்க" என்றேன்.

"நான் எதுக்கும்மா சொல்லப்போறேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இவர் வருவதற்குள் மூன்றையும் பேப்பரில் சுற்றி முருங்கைமரத்தடியில் புதைத்தேன். மண்வெட்டி எடுத்து எத்தனை வருஷமாயிற்று. மேலே ஜன்னல் திறந்துதான் இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

இவரிடம் மோட்டார் போய்விட்டது என்றேன். அது பொய்யில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

தலைவலி என்று சொல்லி உப்புமாவோடு நிறுத்திக்கொண்டேன். அடுக்களையில் இப்போது ஒரு வாசமும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பிப்ரவரி 19, புதன்

நான் செய்த காரியத்தை எழுதவே கை கூசுகிறது. இவரை மேலே அனுப்பி, "போனது போகட்டும், பிள்ளை பரிட்சை முடியிற வரைக்கும் இருந்துக்கிடட்டும், நாங்க பெரிசா எடுத்துக்கிடல" என்று சொல்லச் சொன்னேன். பெருந்தன்மையாம்! செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வழங்கி அனுப்பியிருக்கிறேன்.

இவர் ஐந்து நிமிஷத்தில் இறங்கி வந்துவிட்டார்.

"என்ன சொன்னா?"

"'நாங்க சமைச்சோமா, சமைக்கலையா? அம்மா அதை மட்டும் சொல்லட்டும் ஸார். மத்தபடி எங்களுக்குப் பாவம் பார்க்க வேண்டாம்' அப்படீங்கா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கு என்னளா தெரியும்? நீதான மோந்த."

பிப்ரவரி 22, சனி

மசூது எல்லாம் புதிதாக மாட்டிவிட்டார். போட்டுக் காட்டினார், சத்தமே இல்லை. ஒரு காகிதத்தைக் கீழே பிடித்தால் பச்சென்று ஒட்டிக்கொள்கிறது. தகட்டை விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார். திறக்கிறது, விழுந்து மூடுகிறது.

"இனிமே ஒண்ணும் உள்ள வராதும்மா" என்றார்.

மேலே அட்டைப்பெட்டி இழுக்கிற சத்தம். தென்காசி ரோட்டில் தள்ளி எங்கேயோ வீடு கிடைத்திருக்கிறதாம். அங்கிருந்து பரிட்சைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். வெள்ளிக்கிழமை வண்டி வருகிறது.

பிப்ரவரி 24, திங்கள்

இவரிடம் சொல்லிவிட்டேன். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டிருந்தார். அணிலைச் சொன்னேன், குட்டிகளைச் சொன்னேன், புதைத்ததைச் சொன்னேன். கை அப்படியே நின்றுவிட்டது.

"அவ அன்னைக்கே சொன்னால்லா" என்றார். மோர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு மூக்கு மட்டுந்தாம்ளா போச்சு" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கை கழுவிவிட்டு வந்து கேட்டார். "அன்னைக்கு அந்தப் பிள்ளையைப் பத்தி என்னமோ சொன்னியே. உள்ள இருந்தேன், பாதிதான் கேட்டுது. என்ன சொன்ன?"

ஒன்றுமில்லை என்றேன்.

பிப்ரவரி 26, புதன். சிவராத்திரி

விரதம். கோயிலுக்குப் போகிற முகம் எனக்கு இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேலே போனேன்.

ஜெசிந்தா தரையில் உட்கார்ந்து டம்ளர்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். சிம்னியில் அணில் என்று தொடங்கி, பதினாறாம் தேதியே எனக்குத் தெரியும் என்பது வரை எதையும் விடவில்லை. தரகரிடம் சொன்னதையும் சொன்னேன். இன்றைக்கு அவரைக் கூப்பிட்டு, நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டேன் என்பதையும் சொன்னேன்.

அவள் டம்ளர் சுற்றுவதை நிறுத்தவில்லை. "நீங்க மண்வெட்டியோட நின்னதை ஜன்னல்ல இருந்து பார்த்தேன்மா. அன்னைக்கே வந்து சொல்லுவீங்கன்னு நெனச்சேன். பத்து நாளு காத்திருந்தேன்."

எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

"மன்னிச்சிரும்மா ஜெசிந்தா."

"மணப்பாட்டுல பொறந்தவளுக்கு மீன் வாசம் எது, பொண வாசம் எதுன்னு தெரியாதா? மீனு ஆக்குனா ஆக்குனேன்னு சொல்லுவேன். அது ஒண்ணும் களவு இல்ல. ஒங்களுக்குக் குடுத்த வாக்குக்காக எட்டு மாசமா என் வீட்டுல நான் மீன் தொடல. என்னைச் சொன்னதை விடுங்க. என் மகளைச் சொன்னீங்களே, அதுக்கு என்ன சொல்லப்போறீங்க?"

இந்த நோட்டில் மூன்றாம் தேதிப் பக்கத்தில் நாலு வார்த்தை சொன்னேன் என்று எழுதியிருக்கிறேன். அந்த வார்த்தைகளை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். "என் அடுக்களையைச் சொல்லுதியா? உன் மக படியில இறங்கி வந்தாலே அடிக்குதே, அதை முதல்ல மோந்து பாரு" என்றேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி, தலை பின்னி, பளிச்சென்று துவைத்த சீருடையில் நின்ற பிள்ளையைப் பார்த்துச் சொன்னேன். அவளிடமிருந்து ஒரு வாசமும் வரவில்லை. சொல்லும்போதே எனக்கு அது தெரியும்.

"வகுப்புல கடைசி பெஞ்சுக்குப் போய்ட்டா" என்றாள் ஜெசிந்தா. "ஜன்னலோரமா தனியா இருக்கா. கூடப் படிக்கிறவளுவகிட்ட, எம்மேல அடிக்குதாட்டீன்னு கேட்டிருக்கா. அவளுவ சிரிச்சிருக்காளுவ. ஒரு டப்பா பவுடரு நாலு நாளைக்குக் காண மாட்டேங்கு."

மூன்று குளியல். மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றது. தன் வாசம் என்மேல் பட்டுவிடக் கூடாது என்று நின்றிருக்கிறது அந்தப் பிள்ளை! நான் ராஜகுமாரியா என்று எழுதிவைத்திருக்கிறேன்.

"டெல்பின், இங்க வா" என்று ஜெசிந்தா கூப்பிட்டாள்.

உள்ளறை வாசலில் வந்து நின்றாள். கையில் வேதியியல் புத்தகம். இளைத்திருந்தாள்.

"கிட்ட வாடி."

"இல்லம்மா, இங்கயே நிக்கேன்."

நானே இரண்டடி போனேன். அவள் நான் வருகிற அளவுக்குப் பின்னால் போனாள். நின்றுவிட்டேன்.

"தாயி, அந்த நாத்தம் என் வீட்டுல இருந்து வந்தது. உன்மேல ஒரு நாளும் ஒண்ணும் அடிக்கல. நான் வேணும்னே சொன்ன பொய். நான்தான் தப்பு."

"பரவால்ல ஆச்சி" என்றாள். குனிந்தபடியே சொன்னாள். அந்தப் பரவால்லயைவிட அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

கிளம்பும்போது ஜெசிந்தா சொன்னாள். "பரிட்சை முடியிற வரைக்கும் இருக்கோம். அவளுக்காகத்தான் இருக்கோம். அப்புறம் போயிருவோம்."

தலையாட்டிவிட்டு இறங்கினேன். ஒப்பந்தத்தை எடுத்து என் கையால் எழுதிய அந்த வரியை அடித்தேன். இவர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். மேலே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னேன். கொடுத்துவிட்டு வந்து, "வாங்கி வச்சுக்கிட்டா" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 2, ஞாயிறு

அவர்கள் மேலே பருப்பும் ரசமும்தான் வைத்தார்கள். வாசம் வந்தது.

மார்ச் 3, திங்கள்

முதல் பரிட்சை. எட்டரைக்குப் படியிறங்கினாள். கதவருகே காத்திருந்தேன். பக்கத்தில் போகவில்லை. "நல்லா எழுது தாயி" என்று உள்ளே நின்றபடியே சொன்னேன். "சரி ஆச்சி" என்றாள். சுவரோரமாகத்தான் போனாள்.

மத்தியானம் வெண்டைக்காய் வதக்கினேன். சிம்னி நன்றாக இழுக்கிறது. ஒரு துளி புகை நிற்கவில்லை.

ஒன்றே முக்காலுக்கு அவள் வந்தாள். வந்ததும் மேலே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நாலரைக்கு மறுபடி கேட்டது. ஏழு மணிக்கு இதை எழுத உட்காரும்போது மூன்றாம் தடவையாகக் கேட்டது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன் என்று நான் நினைக்கிறேன். அவள் தேய்த்துத் தேய்த்துக் குளிக்கிறாள்.

தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிடுமே என்று எழுந்து போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தேன்.